தீ செய்த கொலையா?

ஒரு கட்டடம் தீப்பற்றி எரிகிறது. பத்துப் பேர், இருபது பேர், சில வேளைகளில் நூறு பேர் மடிகிறார்கள். மறுநாள் ஏடுகளிலே செய்தி வருகிறது. "மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது" என்று அதில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது. அமைச்சர் வருகிறார், அனுதாபம் தெரிவிக்கிறார். நிதி அறிவிக்கப்படுகிறது. விசாரணைக்குக் குழு போடப்படுகிறது. சில நாட்கள் ஊர் அழுகிறது; பிறகு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. ஆண்டு ஒன்று கழிகிறது. வேறோர் ஊர், வேறோர் கட்டடம். ஆனால் அதே ஒரு வரி!

நம் பாட்டன் காலத்தில் இதற்கு 'விதி' என்று பெயர். 'அம்மனுக்குக் கோபம்' என்று சொன்னவர்களும் உண்டு. பகுத்தறிவு வளர்ந்துவிட்ட இந்தக் காலத்தில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே 'மின்கசிவு' என்கிறார்கள். சொல் மாறியிருக்கிறது, சொல்கிறவனின் நோக்கம் மாறவில்லை. விதி என்றாலும் மனிதன் மீது குற்றமில்லை. மின்கசிவு என்றாலும் மனிதன் மீது குற்றமில்லை. கம்பியைக் கூண்டிலே நிறுத்தித் தண்டிக்கவா முடியும்?

கீழ்வெண்மணியிலே 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. அது வைத்த தீ. அதைக் கொலை என்று சொல்ல எவருக்கும் தயக்கம் தேவையில்லை. நான் இங்கே பேசப் போவது யாரும் வைக்காத தீயைப் பற்றி. 'யாரும் வைக்கவில்லை, ஆகவே யாரும் பொறுப்பில்லை' என்று கணக்கை மூடிவிடுகிறார்களே, அந்தத் தீயைப் பற்றி. அந்தக் கணக்கைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம், தோழர்களே!

நான்கு தீ, ஒரே கதை

1997ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள். தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்கு விழா. கீற்றினால் வேய்ந்த யாகசாலைப் பந்தல் தீப்பற்றியது. தீயிலும் நெரிசலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் கற்கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில நாட்களுக்கென்று போட்ட கீற்றுப் பந்தல்தான் ஆட்களைக் கொன்றது.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலம் குன்றியோரை வைத்திருந்த ஓர் இல்லத்தில் விடியற்காலையில் தீ. அதுவும் கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். தீயைக் கண்டார்கள், கூவினார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். அவர்களை எரித்தது தீ. ஆனால் ஓடவிடாமல் பிடித்து நிறுத்தியது எது?

2004ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள். திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபம். மாடியிலே கீற்றுப் பந்தல், அதற்கு உள்ளே துணி அலங்காரம், அதற்குக் கீழே வீடியோ எடுப்போரின் சூடேறிய விளக்கு. பந்தல் பற்றிக்கொண்டது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாலையிட வந்த கூட்டம் மயானத்துக்குப் போயிற்று.

இது நடந்து ஆறு மாதம் கூட ஆகவில்லை. அதே ஆண்டு, ஜூலை 16ஆம் நாள், அதே காவிரிக் கரையில், கும்பகோணம் காசிராமன் தெரு. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். மதிய உணவு சமைத்த கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீ, மாடியில் வகுப்பறைகளுக்கு மேலே வேய்ந்திருந்த கீற்றுக்குத் தாவியது. எரியும் கூரை மூங்கிலோடு சேர்ந்து குழந்தைகள் மீது சரிந்தது. கீழே போக ஒரே குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள் மாண்டனர். எல்லாரும் தொடக்கப் பள்ளியில் படித்த பிஞ்சுகள்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீப்பொறி வந்த வழி நான்கிலும் ஒன்றல்ல. ஓரிடத்தில் விளக்கு, ஓரிடத்தில் அடுப்பு. ஆனால் பொறி விழுந்த இடம் நான்கிலும் ஒன்றுதான்: கீற்று. உள்ளே இருந்தவர்களின் நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான்: வெளியேற வழி போதவில்லை, அல்லது வழியே இல்லை. பொறி எங்கிருந்து வந்தது என்று ஆராய்கிறவர்கள், அது விழுவதற்குக் கீற்றை விரித்து வைத்தவன் யார், ஓடுவதற்கு வழியை அடைத்து வைத்தவன் யார் என்று ஏன் முதலில் கேட்பதில்லை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1997இல் கோட்டையில் இருந்தவர் ஒருவர். 2001இலும் 2004இலும் இருந்தவர் வேறொருவர். எந்த ஆட்சியின் மீது பழி போடலாம் என்று கட்சிக் கண்ணாடியோடு இதைப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தீ ஒத்துழைக்காது. எல்லா ஆட்சியிலும் எரிந்தது. கோட்டையில் ஆள் மாறினாலும், தாலுகா அலுவலகத்தில் சான்றிதழில் ஒப்பமிடும் வழக்கம் மாறவில்லை. எதிரியைச் சாடுவதற்கு மட்டும் இந்தப் பிணங்களைத் தூக்கிக் காட்டுவது இறந்தவர்களுக்குச் செய்கிற இரண்டாவது துரோகம்.

திருவரங்கத்துத் தீ அணைந்த மறுநாளே, மாநிலத்தில் எங்கெங்கே மக்கள் கூடும் இடங்களில் மாடிமேல் கீற்று வேய்ந்திருக்கிறது, எங்கெங்கே ஒரே படிக்கட்டு இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுத்திருந்தால்? கும்பகோணத்துக் கட்டடம் ஒளித்து வைக்கப்பட்ட கட்டடம் அல்ல. நடுத்தெருவில் நின்றது. அதற்கு அங்கீகாரம் இருந்தது. அங்கீகாரம் கொடுத்த கையும் இருந்தது. நான் கொலை என்ற சொல்லை ஏன் பயன்படுத்துகிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கீற்று போயிற்று, பூட்டுப் போகவில்லை

கும்பகோணத்துக்குப் பிறகு நாடு விழித்துக்கொண்டது. பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு உத்தரவு போட்டது, கூரைகள் பிரிக்கப்பட்டன. 2009இல் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையிலேயே பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்து, பள்ளிக்குப் பள்ளி தீயணைப்புச் சாதனம் இருக்க வேண்டும் என்றது. ஏர்வாடிக்குப் பிறகு அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்துவிட்டது.

இதிலிருந்து ஒரு பெரிய உண்மை தெரிகிறது. கீற்று அகற்றப்பட்டது, கும்பகோணம் போன்ற கோரம் தமிழ்நாட்டுப் பள்ளியில் மீண்டும் நிகழவில்லை. விதியாக இருந்திருந்தால் கூரையை மாற்றியதும் போயிருக்குமா? மனிதன் வைத்த காரணம், மனிதன் எடுத்தான், போயிற்று. அவ்வளவுதான்.

ஆனால், அதை எடுப்பதற்கு 94 குழந்தைகளின் உயிரை விலையாகக் கொடுத்தோம். வழக்கின் தீர்ப்புக்கு 2014ஆம் ஆண்டு ஜூலை 30 வரை, பத்து ஆண்டுகள், பெற்றோர் காத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகளில் எவரேனும் உயிரோடு இருந்திருந்தால், அந்தப் பத்து ஆண்டில் பள்ளிப் படிப்பையே முடித்திருப்பார்கள்!

கீற்றுத்தான் போயிற்று. பூட்டு இன்னும் போகவில்லை. தஞ்சைத் தீக்கு ஆறாம் நாள், 1997 ஜூன் 13 அன்று, தில்லி உபகார் திரையரங்கில் 59 பேர் மாண்டார்களே, அங்கே கீற்று இல்லை. நல்ல சிமெண்டுக் கட்டடம். கீழ்த்தளத்தில் இருந்த மின்மாற்றி பற்றியது. புகை மேலே ஏறியது. மாடி வகுப்பில் கூடுதலாக நாற்காலிகள் போட்டு, வெளியேறும் வழியை அடைத்து வைத்திருந்தார்கள். ஏன்? நாற்காலி ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட் விற்கலாம் அல்லவா! அந்த வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் உரிமையாளர்களுக்கு ஆளுக்கு 30 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பணம் கட்டினால் சிறைவாசத்தைத் தொடர வேண்டாம் என்றது. ஏழைக்கு அபராதம் கட்டப் பணமில்லையென்றால் சிறை. பணக்காரனுக்குச் சிறைக்குப் பதில் அபராதம்!

1995 டிசம்பர் 23 அன்று அரியானாவிலே தப்வாலி என்ற ஊரில் பள்ளி ஆண்டு விழா. செயற்கை இழைத் துணியால் போட்ட கூடாரம். வெளியேற ஒரே வாசல். நானூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகளும் தாய்மார்களும், சில நிமிடங்களில் மடிந்தனர். 2024 மே 25 அன்று இராஜகோட்டில் விளையாட்டுக் கூடம் ஒன்றில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலே அந்தக் கூடம் நடந்து கொண்டிருந்தது. அதே இரவு தில்லியில் ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் எரிந்தன. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று ஜான்சியில் அரசு மருத்துவக் கல்லூரியில் பச்சிளங் குழந்தைகள் பத்துப் பேர் பலியாயினர். அதற்கும் முன்பு, 2021 ஜனவரி 9 அன்று, மராட்டியத்தில் பண்டாரா என்ற ஊரிலும் பத்துக் குழந்தைகள். பேர் வைக்கக்கூட நேரம் கிடைக்காத குழந்தைகள்!

புகைதான் எமன்

தீ என்றால் கொழுந்து விட்டு எரிவதைத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் கட்டடத் தீயிலே பலரை முதலில் கொல்வது கொழுந்து அல்ல, புகை. மெத்தை, திரைச்சீலை, பிளாஸ்டிக் நாற்காலி, கம்பியின் மேலுறை இவை எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்க்காற்று ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தூங்குகிறவன் தூக்கத்திலேயே போகிறான். விழித்திருப்பவனுக்கும் கால் தள்ளாடுகிறது, கதவு தெரியவில்லை.

கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் நடந்தது இதுதான். வண்டி நிறுத்த வேண்டிய நிலவறையில் எரியும் பொருள்களைக் குவித்து வைத்திருந்தார்கள். தீ அங்கே, சாவு மேல் மாடிகளில். குளிர்சாதனத்துக்காகக் கண்ணாடியால் மூடிய கட்டடம். புகை வெளியேற வழியில்லை. ஏறக்குறைய 90 பேர் மூச்சுத் திணறி மாண்டனர். பக்கத்துக் குடிசைவாசிகள் புகையைக் கண்டு உதவிக்கு ஓடி வந்தபோது, காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று ஏடுகள் எழுதின. பிறகு அதே குடிசைவாசிகள்தான் நோயாளிகளைத் தூக்கிச் சுமந்தார்கள்.

திண்டுக்கல்லில் 2024 டிசம்பர் 12 அன்று ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது ஆறு பேர் மாண்டனர். மின்தூக்கிக்குள் புகையில் சிக்கியவர்கள் அதில் உண்டு. தீ என்றால் மின்தூக்கியில் ஏறக்கூடாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதது அவர்கள் குற்றமா? பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று பாடப்புத்தகத்தில் எழுதுகிறோம். புகை சூழ்ந்தால் குனிந்து, தரையோடு தரையாகத் தவழ்ந்து போக வேண்டும், புகை மேலேதான் நிற்கும், நல்ல காற்று கீழேதான் இருக்கும் என்பதை ஒரு தடவையாவது பிள்ளைகளைத் தவழ விட்டுக் கற்றுக்கொடுத்திருக்கிறோமா?

மின்கசிவு என்பது என்ன?

எடுத்ததற்கெல்லாம் சொல்லப்படும் அந்த மின்கசிவைத்தான் பார்ப்போமே. மின்சாரம் தானாகக் கசிவதில்லை. ஐந்து விளக்குக்கென்று போட்ட கம்பியிலே குளிர்சாதனப் பெட்டியையும் மாவரைக்கும் இயந்திரத்தையும் ஏ.சி.யையும் மாட்டுகிறோம். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால், அதில் பிறக்கும் சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. சூட்டில் மேலுறை இளகுகிறது, இரண்டு கம்பிகள் தொட்டுக்கொள்கின்றன, பொறி பறக்கிறது. இணைப்புத் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் மட்டும் பழுக்கக் காய்கிறது.

இதைத் தடுக்கத்தான் 'பியூஸ்' என்று ஒரு மெல்லிய கம்பியை வைத்தார்கள். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அது தன்னை எரித்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? 'அடிக்கடி பியூஸ் போகிறது' என்று சலித்துக்கொண்டு, தடித்த செப்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். திருடன் வந்ததும் கத்துகிறான் என்பதற்காகக் காவற்காரன் வாயைக் கட்டுவது போல! கசிவைக் கண்டவுடன் மின்சாரத்தை வெட்டிவிடும் கருவி கடைகளில் கிடைக்கிறது. ஒரு திருமணப் பந்தலுக்குச் செலவிடும் பணத்தில் பத்து வீட்டுக்கு அதை வாங்கி மாட்டலாம்.

புதிய வகைத் தீயும் வந்திருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு முழுவதும் மின் ஸ்கூட்டருக்கு மின்னேற்றம் நடந்து கொண்டிருந்த வீட்டில் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி மாண்டனர். வண்டி புதிது, வீட்டின் கம்பி பழையது, வாசல் ஒன்றுதான். வாசலிலேயே வண்டியை நிறுத்தி அதற்கு மின்னேற்றினால், தீப்பிடிக்கிற நேரத்தில் ஓடுகிற வழியிலேயே தீ நிற்கும். இதைச் சொல்லி விற்கிற கடை எது?

அடுக்களைத் தீ

பொதுக் கட்டடத் தீயாவது ஏட்டில் தலைப்புச் செய்தி ஆகிறது. ஏட்டின் மூலையில் கூட இடம்பெறாமல் போகிற தீ ஒன்று இருக்கிறது. அது அடுக்களைத் தீ. இந்தியாவில் 2001ஆம் ஆண்டில் தீயினால் இறந்தோர் எத்தனை பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டு 2009இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 1,63,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறக்குறைய 1,06,000 பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் 15 வயதுக்கும் 34 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். போலீஸ் கணக்கைப் போல இது ஏறக்குறைய ஆறு மடங்கு!

தீக்கு ஆண், பெண் பேதம் தெரியுமா? தெரியாது. சமுதாயத்துக்குத் தெரியும். அடுப்பின் முன்னே நிற்க வேண்டியவள் பெண். கூடத்துக்குப் பளிங்குக் கல், சமையலுக்கு ஜன்னலில்லாத இருட்டு மூலை என்று வீடு கட்டுகிறவன் ஆண். தணலில் பட்டால் உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும் செயற்கை இழைச் சேலையைச் 'சலவைக்கு எளிது' என்று வாங்கித் தந்தவனும் அவனே.

அந்த எண்ணிக்கையில் விபத்து மட்டுமல்ல, தற்கொலையும் கொலையும் கலந்திருக்கின்றன. 'ஸ்டவ் வெடித்தது' என்ற இரண்டு சொல்லுக்குள்ளே எத்தனை மருமகள்கள் புதைக்கப்பட்டார்கள்! அதே வீட்டில் மாமியார் சமைத்தபோது வெடிக்காத அடுப்பு, நாத்தனார் சமைத்தபோது வெடிக்காத அடுப்பு, நகை பாக்கியோடு வந்த மருமகள் சமைத்தபோது மட்டும் வெடித்ததே, அந்த அடுப்புக்கு வரதட்சணைக் கணக்குத் தெரியுமா? இதற்காகத்தான் 1986இல் வரதட்சணைச் சாவு என்றே சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. திருமணமாகி ஏழாண்டுக்குள் ஒரு பெண் எரிந்து, வரதட்சணைக்காக அவள் கொடுமைப்படுத்தப்பட்டதும் தெரிந்தால், பதில் சொல்ல வேண்டியது அடுப்பல்ல, வீடு என்றது சட்டம்.

மண்ணெண்ணெய் அடுப்பு இப்போது பெரும்பாலும் போய்விட்டது. எரிவாயு வந்திருக்கிறது. கண்ணெரிச்சலும் புகையும் குறைந்தன, நல்லதுதான். ஆனால் புதிய சாதனத்துக்குப் புதிய அறிவு வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையிலே படிந்து குளம் போல் நிற்கும். கசிந்தது தெரிவதற்காகவே அதில் நாற்றமுள்ள ஒரு பொருளைக் கலக்கிறார்கள். நாற்றம் வந்தால் விளக்கைப் போடக்கூடாது, எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது. சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும். வாணலியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது. மூடியைப் போட்டு மூட வேண்டும். சேலையில் பற்றினால் ஓடக்கூடாது. தரையில் விழுந்து புரள வேண்டும். சுட்ட இடத்தில் மாவும் மையும் பற்பசையும் பூசாமல், இருபது நிமிடம் குளிர்ந்த நீரைக் கொட்ட வேண்டும். அடுப்போடு சேர்த்து இந்த நான்கு வரியையும் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

பிற நாடுகள் கற்ற பாடம்

'வெளிநாட்டில் தீப்பிடிக்கவில்லையா?' என்று கேட்பார்கள். பிடித்தது. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் சிகாகோ நகரில், 'தீப்பிடிக்கவே பிடிக்காது' என்று விளம்பரம் செய்யப்பட்ட இரோகுவா நாடக அரங்கில் 1903 டிசம்பர் 30 அன்று 602 பேர் மாண்டனர். பூட்டிய கதவுகள், உள்பக்கமாகத் திறக்கும் கதவுகள். கூட்டம் நெருக்கும்போது உள்பக்கமாக எப்படித் திறப்பது? அந்தச் சாவிலிருந்து பிறந்ததுதான், உடம்பு மோதினாலே வெளிப்பக்கம் திறந்துகொள்ளும் கதவுத் தாழ். நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர், பெரும்பாலும் இளம் பெண் தொழிலாளர்கள், மாண்டனர். திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று முதலாளி கதவைப் பூட்டி வைத்திருந்தான். சட்டைத் துணிக்குப் பூட்டு. உயிருக்குக் காவல் இல்லை! தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், சங்கம் வளர்ந்தது, அந்த மாநிலத்தில் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் வரிசையாக வந்தன. சட்டம் தானாக வரவில்லை, வரவழைக்கப்பட்டது.

இலண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் அடுக்ககத்தில் 72 பேர் மாண்டனர். நான்காவது மாடியில் ஒரு குளிர்ப்பெட்டியில் தொடங்கிய தீ, அழகுக்கும் குளிருக்குமாகச் சுவருக்கு வெளியே போர்த்தியிருந்த பலகையில் ஏறி உச்சி வரை போனது. அந்த அடுக்ககத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழை எளியவர்கள். 'ஆபத்து இருக்கிறது' என்று அவர்கள் முன்பே எழுதியிருந்தார்கள், எவரும் கேட்கவில்லை. 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, இந்தச் சாவுகள் அனைத்தும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று சொல்லிவிட்டது. இலண்டன் ஆனாலும் ஏர்வாடி ஆனாலும் தீ முதலில் தேடிப் போவது யாரை என்பது இதிலே தெரிகிறதல்லவா?

செய்ய வேண்டியது என்ன?

'சட்டம் கடுமையானால் சிறிய மண்டபக்காரன், சிறிய பள்ளிக்கூடக்காரன் என்ன செய்வான்? இரண்டாவது படிக்கட்டு கட்டப் பணத்துக்கு எங்கே போவான்?' என்று சிலர் பரிந்து பேசுவார்கள். நியாயமான கேள்விதான்; பதில் சொல்லலாம். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்ட, உள்பக்கம் மாட்டுவதைவிட ஒரு காசும் அதிகமாகாது. பூட்டாமல் வைக்கச் செலவே இல்லை. படிக்கட்டின் கீழே பழைய நாற்காலிகளையும் டீசல் டின்னையும் குவிக்காமல் இருக்கச் செலவில்லை. இந்த மூன்றையும் செய்த பிறகும் இரண்டாவது படிக்கட்டுக்குப் பணமில்லை என்கிறவன், ஐந்நூறு பேரைக் கூட்டி வைத்து வாடகை வாங்கும் தொழிலை விட்டுவிட்டு வேறு தொழிலைப் பார்க்கட்டும்.

ஆனால் குடிசையில் வாழ்கிறவனிடம் இந்தப் பேச்சைப் பேசக்கூடாது. கீற்று அவன் ஆசைப்பட்டு வேய்ந்ததல்ல. அதற்கு மேல் அவனால் முடியவில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு குடிசையில் பற்றினால், எரியும் கீற்றுத் துண்டு காற்றில் பறந்து வரிசை முழுவதையும் சாம்பலாக்கிவிடுகிறது. அவனுக்கு வேண்டியது எச்சரிக்கைப் பலகை அல்ல, வீடு. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைத்த மாநிலம் இது. 2010இல் 21 இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற ஒரு திட்டம். 2024இல் எட்டு இலட்சம் வீடுகள் என்று மற்றொரு திட்டம். திட்டத்துக்குப் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். யார் பெயரும் இருக்கட்டும். கடைசிக் குடிசையின் கூரை பிரியும் வரை வேலை நிற்கக் கூடாது.

பொதுக் கட்டடங்களுக்கு வேண்டியது வேறு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு இருக்கிறது. 1985ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டுக்குத் தீயணைப்புப் பணிச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் வெளிச்சத்துக்குத்தான். தீயணைப்புச் சான்றிதழ் மேலாளரின் மேசை அறைக்குள்ளே தூங்குகிறது. அதை வாசலுக்குக் கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு மண்டபத்தின், மருத்துவமனையின், பள்ளியின், திரையரங்கின் வாசலிலும் ஒரு பலகை: இந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் இருக்கலாம், வெளியேறும் வழிகள் எத்தனை, எங்கே, கடைசியாகச் சோதித்த நாள் எது, சோதித்து ஒப்பமிட்ட அதிகாரி யார். பெயரை எழுதி வைக்கட்டும். பெயர் தெருவில் தெரியும் என்றால் கை கூசும், பார்க்காமல் ஒப்பமிடாது. தீப்பிடித்தால் முதல் கேள்வியும் அந்தப் பெயருக்கே போகட்டும்.

ஆண்டுக்கு இரண்டு தடவை பள்ளியிலும் மருத்துவமனையிலும் தீ ஒத்திகை நடக்கட்டும். சுவரில் தொங்கும் சிவப்பு உருளையை இயக்கத் தெரிந்தவர் ஒருவராவது ஒவ்வொரு மாடியிலும் இருக்கட்டும்.

நம் பங்கு என்ன? அடுத்த தடவை ஒரு திருமணத்துக்குப் போகும்போது, பந்தியில் உட்காருவதற்கு முன் வெளியேறும் வழி எங்கே என்று ஒரு தடவை பாருங்கள். பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் 'ஏன்?' என்று கேளுங்கள். 'நமக்கென்ன வம்பு' என்று மௌனமாக இருந்துவிட்டு, நாளைக்கு 101ஐ அழைத்துப் பயனில்லை.

கும்பகோணத்தில் ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று பெற்றோர்கள் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். தீயால் பிள்ளையை இழந்தவர்கள் தீயை ஏற்றித்தான் நினைவுகூருகிறார்கள். தீ மீது அவர்களுக்குக் கோபமில்லை. யார் மீது கோபம் என்பது அவர்களுக்குத் தெரியும். அது நமக்கும் தெரிய வேண்டும். அடுத்த தடவை 'மின்கசிவே காரணம்' என்ற வரியைப் படிக்கும்போது, அதற்கு அடுத்த வரி எங்கே என்று கேட்போம்: கதவு பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா? பூட்டியது யார்?